போளூரில் நின்றுபோன காற்று

குடியாத்தத்தில் கடற்காற்று வீச ஆரம்பித்தது, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து தெருவெல்லாம் மிதிபட்ட பூவும் தேங்காய் ஓடும் வெயிலில் வறண்டு கிடந்த ஒரு வைகாசி மத்தியானத்தில். அது கிளம்பிய இடம், கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கும் சின்னக் கடையில், மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்து விசிறி.

அந்த நேரத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்து மணப்பெண்ணின் படிப்பைப் பி.எஸ்ஸி.யிலிருந்து எம்.எஸ்ஸி.யாகத் திருத்திக்கொண்டிருந்தவன் அஞ்சப்பன். அவன் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் சின்னங்குடி என்கிற மீனவ ஊரில் பிறந்தவன். கல்யாணம் செய்துகொண்டு மாமனார் ஊரான குடியாத்தத்துக்கு வந்த நாளிலிருந்து கழுத்தில் வேர்க்குரு ஆறாமல் இருந்தவன். கெண்டைக்காலில் குளிர்ச்சி பட்டதும் அது என்ன என்று அவன் காலுக்கே தெரிந்துவிட்டது. அவன் திடுக்கிடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு, உள்ளே அட்டை வெட்டிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

“கௌரி, காத்து வந்துருச்சு.”

“எந்தக் காத்து?”

“எங்க ஊரு மூணு மணிக் காத்து.”

ஜெயகௌரி வந்து, குனிந்து, விசிறிக்கு நேராகக் கையை நீட்டி, பிறகு அந்தக் கையை மோந்து பார்த்தாள். “ஆமாங்க, மீன் வாசனை அடிக்குது” என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட அட்டைக்கட்டை வெட்டப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டி பழைய சாமான். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டாலும் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு பெரிய அச்சகத்தில் கௌரி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே அச்சகத்தில் அஞ்சப்பன் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான். அங்கேதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும், சண்டை போட்டதும், சேர்ந்து டீ குடித்ததும். எனவே அவள், “இதுக்கு நானே ஒண்ணு கட்டித் தரேன்” என்று சொல்லி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கு விட்டுவைத்திருக்கிற லினக்ஸை, தைத்த சட்டையாக வாங்காமல் நூலாகவே எடுத்து, பாவு கோத்து, நெய்து, அந்தப் பெட்டியின் உடம்புக்கு அளவெடுத்து, ஒரு கோடைக்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு நிரலாகத் தன் கையாலேயே கட்டி எழுப்பினாள். எல்லாம் முடிந்தபோது அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று கேட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல் ‘சின்னங்குடி’ என்று சொன்னவன் அஞ்சப்பன்.

பெயர் வைத்ததால்தான் காற்று வந்தது என்று சந்தில் சிலர் சொன்னார்கள், அவள் கைராசி என்று சிலர் சொன்னார்கள். இரண்டு நாள் போனபிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் காற்று வந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இப்போது வேலையாக இருந்தது.

தீப்பெட்டி ஒட்டும் பெண்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்தார்கள். தறிக்காரர்கள் மத்தியானத் தூக்கத்தைச் சந்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கடற்கரை என்றால் சுண்டல் இருக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்ற, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் வந்தது. சுண்டலுக்குப் பின்னால் துப்பாக்கியால் பலூன் சுட வைக்கிறவன் வந்தான். பலூன்காரனுக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் கைகோத்துக்கொண்டு வந்து, பார்ப்பதற்கு அலை எதுவும் இல்லாததால் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாயங்காலம் கடையைப் பெருக்கும்போது முறத்தில் மணல் விழுந்தது. விசைப்பலகையில் உப்புப் படிந்தது, கௌரி அதைச் சுரண்டித் தயிர்சாதத்துக்குப் போட்டாள். பத்திரிகைகள் லேசாக ஈரம் கோத்து, உப்பு வாசனையோடு போயின. அந்த வாசனை பட்ட பத்திரிகையில் நடந்த கல்யாணம் எதுவும் மழையால் கெட்டதில்லை என்று ஒரு பேச்சு கிளம்பி, பேரணாம்பட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது.

வார்டு கவுன்சிலர் ஏகாம்பரம் வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்து, “இத்த கொஞ்சம் தெற்கால திருப்பி வெச்சா எங்க ஊட்டு வரிக்கும் வருமா, தங்கச்சி?” என்று கேட்டார். கௌரி திருப்பி வைத்துக் காட்டினாள். காற்று சுவரில் முட்டித் திரும்பி வந்து அவர் மூக்குக் கண்ணாடியில் உப்பைப் பூசியது. “சரி, இருந்த மாதிரியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்.

ஊரில் சந்தோஷப்படாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு முனியம்மா. அவள் அப்பளம் போட்டு விற்கிறவள். “ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு கீது, என் அப்பளம் மட்டும் நமுத்துப்போவுது, இது எந்த ஊரு நாயம்?” என்று தினமும் ஒரு தடவை வாசலில் நின்று கேட்பாள், கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டுப் போவாள்.

அஞ்சப்பன் மட்டும் காற்றைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை. மூன்று மணி ஆனதும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வான். அவன் கழுத்து வேர்க்குரு ஆறியது. கௌரி அந்த நேரத்தில் யாரையும் அவனிடம் அனுப்பமாட்டாள், மாப்பிள்ளை வீட்டாரே வந்து நின்றாலும், “அவுரு ஊருக்குப் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு” என்பாள்.

ஊருக்கு அவன் போய் வருஷக்கணக்காகியிருந்தது. படகில் ஏற்கெனவே ஓர் ஆள் குறைந்திருந்த நேரத்தில் அவன் அச்சு வேலை என்றும், வடக்கே கல்யாணம் என்றும் கிளம்பினான். அப்போது அண்ணன் வைத்தியலிங்கம், “கரைய விட்டுப் போறவனுக்குக் கடக்காத்து எதுக்கு?” என்று சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

காற்று கொண்டுவந்ததெல்லாம் நல்லதாகவே இருக்கும் என்று நினைத்தவர்கள், பெட்டியின் திருகாணிகள் செம்பருத்தி நிறத்துக்கு மாறுவதைக் கவனிக்கவில்லை. கௌரி கவனித்தாள். படகின் ஆணி துருப்பிடிப்பதுபோல உள்ளே எல்லாம் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. மதர்போர்டுப் பலகையில் பச்சை பூத்தது, விசிறி கரகரத்தது. அவள் வேலூருக்குப் போய், யாரோ ஒரு ஆபீஸ்காரர் உபயோகித்துவிட்டு விற்ற ஒரு நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்து, உறையைப் பிரிக்காமலே மூலையில் வைத்திருந்தாள். சிஸ்டத்தை இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும், மாற்றத் தெரியாமல் இல்லை. ஆனால் காற்று பெட்டியில் இருக்கிறதா, அவள் கட்டியதில் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. “நாளைக்குப் பாத்துக்கலாங்க” என்பாள். “ஆமா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பான் அவனும்.

அப்படி ஒரு நாளில்தான் வைத்தியலிங்கம் வந்து நின்றார். தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக, சுண்டல்காரனையும் பலூன்காரனையும் கைகோத்த ஜோடிகளையும் தாண்டி வந்து, கடை வாசலில் நின்று, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்தார்.

“நம்ம காத்துதான்” என்றார்.

அஞ்சப்பன் தரையிலிருந்து எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போடுவதா, அண்ணனைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

“வாண்ணே.”

“மூணு மணி ஆனா அங்க ஒரு ஓலை அசையறதில்லடா தம்பி. கருவாடு காயாம புழு வைக்குது. பொம்பளைங்கல்லாம் கூடையோட கரையில நின்னு வானத்தப் பாத்துட்டு இருக்காளுவ. குடியாத்தத்துல கடக்காத்து அடிக்குதாம்னு காரைக்கால்ல ஒருத்தன் சொன்னான். வேற எங்க போவும், தம்பி இருக்கற எடத்துக்குத்தான் போயிருக்கும்னு உன் அண்ணி சொன்னா. அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்.”

ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “அண்ணாத்தே, தப்பா நினைக்காதீங்க. காத்துக்கு ஊரு பேரு எழுதிக்கீதா?”

“எழுதல” என்றாள் முனியம்மா, அவருக்குப் பின்னாலிருந்து. “ஆனா வாசனை சொல்லுதே. அவங்க ஊட்டுக் காத்த நாம வெச்சிக்கினு, அவங்க கருவாட்டுல புழு வெச்சிட்டு, நாம சுண்டல் துன்னுக்கினு கீறோம்.”

ஏகாம்பரம் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, மேஜைக்கடியில் விசிறி ஒருமுறை கரகரவென்று இழுத்து நின்றுபோனது. திரையில் பாதி முடிந்திருந்த ஒரு பத்திரிகை வெளுத்து, கோடு கோடாகி, அணைந்தது. காற்று விழுந்துவிட்டது. வெயில், அதுவரைக்கும் சந்து முனையில் காத்துக்கொண்டு நின்றதுபோல, நேராக உள்ளே வந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்தது. எல்லாரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்துபோயிருந்தார்.

கௌரி திருகாணிகளைக் கழற்றினாள். கழற்றும்போதே இரண்டு பொடிந்து உதிர்ந்தன. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஒரு சின்ன நண்டு இறங்கி, மேஜைக் காலைச் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சாக்கடைப் பக்கம் போனது.

“விட்டுடு கௌரி” என்றான் அஞ்சப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. “தானா நின்னுருச்சு. அண்ணன் ஊருக்கே போவட்டும்.”

வைத்தியலிங்கம் தம்பியைப் பார்த்தார். இளைத்துப்போயிருந்தான். சட்டை திறந்தே இருந்தது. கடலுக்குப் போகிறவர்களின் மார்பில் இருக்கும் கறுப்பு அவன் மார்பிலிருந்து போய், நிழலிலேயே வளர்ந்த செடிபோல வெளிறியிருந்தது. அவர் கௌரி பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இத வேற பெட்டிக்கு மாத்த முடியுமா?”

“முடியும் மாமா. காத்து வருமான்னுதான் தெரியாது.”

“மாத்து. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.”

கௌரி அன்றைக்கே உட்கார்ந்தாள். பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க் வட்டைக் கழற்றி, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உப்பைத் துலக்கி, புதிய பெட்டியோடு ஒரு கம்பியால் இணைத்து, உள்ளே இருந்ததையெல்லாம், எது யாருடையது, எதை யார் திறக்கலாம் என்பது உட்பட, ஒன்று விடாமல் நகல் எடுத்தாள். சந்தே வாசலில் கூடி நின்று பார்த்தது. எடுத்து முடித்து, புதிய பெட்டியை முடுக்கினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, திடீரென்று நின்றுவிட்டன.

“இன்னாச்சு?” என்றார் ஏகாம்பரம்.

“கண்ணு முழிச்சிக்கிச்சு. ஆனா தன் வீடு எந்த வட்டுல இருக்குன்னு தெரியல. பழைய விலாசத்தையே தேடிக்கினு நிக்குது.”

“பாவம்” என்றாள் முனியம்மா.

கௌரி விலாசத்தை மாற்றி எழுதினாள். இந்த முறை அது வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனது, ஆனால் போனதும் ஒவ்வொரு நிரலாகக் கால் இடறி விழ ஆரம்பித்தது. பழைய பெட்டியின் மூளை ஒரு கம்பெனி செய்தது, புதியதின் மூளை வேறு கம்பெனி செய்தது. பழையதின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த எதுவும் புதிய உடம்பில் ஏறவில்லை. கௌரி நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போது அஞ்சப்பனுக்கு அவள்மீது வந்த பிரியத்தை அவன் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. அவளுக்கு ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணனுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னான்.

“அப்ப அவ்ளோ கச்சிதமா கட்டிட்டாண்ணே. அதான் இப்ப கஷ்டம்.”

“போட்டுக்கு எஞ்சின மாத்துனா, அதுக்கேத்த விசிறியும் மாத்தணும்ல, அந்த மாதிரியா?”

“அந்த மாதிரிதான்.”

“அப்ப மறுபடி கட்ட வேண்டியதுதான்” என்றார் வைத்தியலிங்கம், ஏதோ தானே கட்டப் போகிறவர்போல, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு.

ஒரு பென் டிரைவிலிருந்த ஆயத்த சிஸ்டம் ஒன்றைப் புதிய பெட்டியில் எழுப்பி, அதற்குள் நின்றுகொண்டே தன்னுடைய சிஸ்டத்துக்குள் இறங்கி, கௌரி ஒவ்வொரு நிரலாகப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். எழுத்துகள் திரையில் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தன. நாள் போனது, அடுத்த நாளும் போனது, ஊர் வெந்தது. காற்று இல்லாத சந்தில் வேர்த்து ஊற்றிக்கொண்டு ஆட்கள் கூத்துப் பார்ப்பதுபோல அந்த எழுத்துகளைப் பார்த்தார்கள். சிவப்பில் ஒரு வரி வந்தால் ஏகாம்பரம், “தங்கச்சி, ஒண்ணு செவப்பா போச்சு!” என்று கத்துவார், கௌரி உள்ளேயிருந்து, “அது பரவால்லங்க” என்பாள்.

வைத்தியலிங்கம் வீட்டிலேயே தங்கிவிட்டார். சும்மா இருக்கத் தெரியாதவர், சமையலை எடுத்துக்கொண்டார். மோர்தானா அணையில் பிடித்த கெண்டையை வாங்கி வந்து குழம்பு வைத்து, “சேத்து வாசனை” என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் பரிமாறினார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். அண்ணன் சொல்லாமலே தம்பி தண்ணீரை நகர்த்தி வைப்பான், தம்பி கேட்காமலே அண்ணன் மீன் தலையை அவன் இலையில் வைப்பார்.

முனியம்மாவின் அப்பளம் மட்டும் அந்த நாட்களில் மொறமொறவென்று காய்ந்தது. ஒரு நாள் அவள் வந்து கௌரியின் பக்கத்தில் உட்கார்ந்து, “சீக்கிரம் கட்டுடி. அப்பளம் நல்லாத்தான் காயுது, எனக்குத்தான் புழுங்குது” என்றாள்.

கட்டி முடிந்தது. பெட்டி எழுந்தது, வீட்டைக் கண்டுபிடித்தது, ஒன்றும் இடறவில்லை. பாதியில் நின்ற பத்திரிகை, மணப்பெண்ணின் அப்பா பெயர் வரைக்கும் சரியாக, நின்ற இடத்திலேயே திறந்துகொண்டது. கௌரி வேலையில் ஒரு தையல்கூடப் பிசகவில்லை. மணி மூன்றாயிற்று. எல்லாரும் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விசிறி சுற்றியது. வந்தது வெறும் கம்ப்யூட்டர் சூடு.

சுண்டல்காரன் அடுப்பை அணைத்தான். ஒவ்வொருவராக, சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். கௌரி பத்திரிகையைச் சேமித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அஞ்சப்பன் அந்தக் கைகளின் மேல் தன் கையை வைத்தான்.

“அப்ப அங்க வந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி மறுமுனையில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: “எங்கங்க வந்துச்சு? இங்கயும் இல்ல. ரெண்டு பேருமா சேந்து அத எங்க தொலைச்சீங்க?”

காற்று இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. ஒரு முழுக் கடற்காற்று நடுவழியில் எங்கேயோ காணாமல் போயிருந்தது. அஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சந்துக்காரர்கள் பழையபடி விசிறி மட்டையைத் தேடி எடுத்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் கடைப்பக்கம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து, “தகவல் உண்டா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். தங்கள் காற்று என்று அவர்கள் இப்போது சொல்லவில்லை. வீட்டைவிட்டுப் போன பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

தகவலைக் கொண்டுவந்தவர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வாங்க வந்த ஒரு பெரியவர். காற்று நிற்பதற்கு முன் அச்சடித்திருந்த கட்டைப் பிரித்து மோந்து பார்த்து, “ஏம்மா, இந்த வாசனை எங்க ஊர்லயும் வருதே” என்றார். “எந்த ஊருங்க?” “போளூரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு காத்து வந்து நிக்குது. நல்ல காத்துதான், குளுகுளுன்னு இருக்கு. ஆனா அந்த எடத்த விட்டு நகரமாட்டேங்குது. சுத்திச் சுத்தி அங்கயே வருது.”

அண்ணனும் தம்பியும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

போளூர் அதற்குள் காற்றைத் தன் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டிருந்தது. பூக்காரிகள் கூடைகளை அந்த மூலைக்கே மாற்றியிருந்தார்கள். டிரைவர்கள் வண்டியைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டிக்கெட்டுத் துண்டுகளும் வாழைச் சருகும் ஒரு வட்டத்துக்குள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டு பேரும் அந்த வட்டத்துக்குள் போய், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காற்று முதலில் அண்ணனின் முகத்தை மோந்தது, பிறகு தம்பியின் முகத்தை மோந்தது, பிறகு திரும்ப அண்ணனிடம் போனது.

“நான் உங்கிட்டயே இருக்கட்டும்னு நினைச்சேன்” என்றார் வைத்தியலிங்கம். “நீ ஊருக்கே போவட்டும்னு நினைச்ச. அது என்ன பண்ணும், நடுவுல நின்னுருச்சு.”

“நீ கூட்டிட்டுப் போண்ணே. கருவாடெல்லாம் வீணாப்போவுது.”

“நீ போற பஸ்ஸுல ஏத்திக்கடா. உன் கழுத்தப் பாரு.”

“என் கழுத்துக்கு என்ன? நீ கூட்டிட்டுப் போ.”

“சொன்னாக் கேக்கமாட்ட? சின்னதுலேருந்தே இதே பழக்கம். நீ கூட்டிட்டுப் போடா!”

குரல் ஏற ஏறப் பூக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்துவிட்டாள். “சண்ட போடறவங்க என்னுதுன்னு புடுங்கிக்கினு போடுவாங்க. நீங்க உன்னுது உன்னுதுன்னு தள்ளிவிட்டுக்கினு போடறீங்களே!”

வேலூர் பஸ் ஒன்று கிளம்பிப் போனது. திருவண்ணாமலை பஸ் ஒன்று வந்து நின்றது. அஞ்சப்பன் கையை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

“அண்ணி எப்படிண்ணே இருக்கு?”

“வந்து பாரு.”

அவன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். “கௌரி, நான் அப்படியே ஊருக்குப் போயிட்டு வரவா?”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றது. பிறகு கௌரி, “மாத்துத் துணிகூட இல்லாமயா?” என்றாள். அவள் குரல் நனைந்திருந்தது. “அண்ணன் வேட்டி ஒண்ணு வாங்கிக் கட்டிக்குங்க. அக்காவ நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

அவர்கள் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினார்கள். காற்று படியில் தொற்றிக்கொண்டு ஏறியது. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் இறங்கி மாறியபோது அதுவும் இறங்கி மாறியது. கடலூரில், சிதம்பரத்தில், சீர்காழியில், எந்த ஊரில் அவர்கள் டீ குடிக்க நின்றாலும் அந்த ஊர்க்காரர்கள் தலையைத் தூக்கி, “அட, நல்ல காத்து” என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். ஜன்னலோரத்தில் தம்பியை உட்காரவைத்துவிட்டு, அண்ணன் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார், தலை தம்பியின் தோளில் இருந்தது. தோள் வலித்தும் அஞ்சப்பன் நகரவில்லை.

மறுநாள் மத்தியானம் சின்னங்குடியில் அண்ணி அவனைப் பார்த்ததும் எதையும் கேட்கவில்லை. “மொதல்ல கையக் கழுவு” என்று சொல்லி, வஞ்சிர மீன் குழம்பை ஊற்றி, அவன் போதும் என்று சொல்லச் சொல்ல ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கரைக்குப் போனபோது மூன்று மணியாகியிருந்தது. கூடையோடு நின்ற பெண்கள் அவனைப் பார்த்தார்கள், அவனுக்குப் பின்னால் கடலைப் பார்த்தார்கள். தண்ணீர் முதலில் சுருங்கியது, பிறகு ஓலைகள் அசைந்தன, பிறகு காற்று எழுந்து கரை முழுக்க வந்தது. கருவாட்டு விரிப்புகளின் ஓரம் படபடத்தது. ஒரு கிழவி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, “வந்துட்டான்யா” என்றாள். அவள் சொன்னது காற்றையா, அஞ்சப்பனையா என்று யாரும் கேட்கவில்லை.

அவன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அலைக்குப் பக்கத்தில் நின்றான். காற்று அவன் மேல் பட்டு, வலைகளைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி, மேற்கே போய்க்கொண்டிருந்தது. அங்கேயே நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இந்த ஊர் வேலையை முடித்துவிட்டு வேறு எங்கேயோ போக வேண்டியிருப்பதுபோல அதற்கு ஓர் அவசரம் இருந்தது. அவன் திரும்பி அது போகும் திசையைப் பார்த்தான். வயிறு நிறைந்திருந்தது. தனியாக இருந்தால் கௌரி சமைக்கமாட்டாள், மிச்சமிருந்த மோர்சாதத்தோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டான். நினைத்தது அப்படியே வாயில் வந்தது, சத்தமாகக்கூட இல்லை.

“கௌரி, சாப்ட்டியா?”

வெயில் தாழ்ந்து, பெண்கள் கருவாட்டைக் கூடையில் அள்ளும் நேரத்தில் அவன் போன் அடித்தது.

“சாப்ட்டேன்” என்றாள் கௌரி. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். “இப்பதான் விசிறிலேருந்து காத்து வந்துச்சு. கூடவே நீங்க கேட்டதும் வந்துச்சு. சந்து மொத்தமும் கேட்டுது. ஏகாம்பரம் அண்ணன்லேருந்து சுண்டல்காரர் வரிக்கும் எல்லாரும் சாப்ட்டோம் சாப்ட்டோம்னு பதில் சொல்லிக்கினு இருக்காங்க. இனிமே அங்க நின்னுக்கினு எதையும் பாத்துப் பேசுங்க.”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் கையிலிருந்து போனை யாரோ பிடுங்கினார்கள்.

“அது கெடக்கட்டும்” என்றாள் முனியம்மா. “அங்க இன்னா கொழம்பு? வாசனை தூக்குது.”